கரிப்பொட்டு வைத்த இசைத்தட்டு

தட்டின் மேல் முள் இறங்கியதும் பாட்டுக்கு முன்னால் ஒரு சத்தம் வரும். ஈர விறகு அடுப்பில் பிடித்துக்கொள்வதற்கு முன் பொரியுமே, அந்த மாதிரிச் சத்தம். சின்ன வயதில் எனக்குப் பாட்டைவிட அதுதான் பிடிக்கும். அது கேட்டால் சித்தப்பா கப்பலிலிருந்து ஊருக்கு வந்திருக்கிறார் என்று அர்த்தம். அவர் வந்திருந்தால் கூடத்தில் நாற்காலிகள் இடம் மாறியிருக்கும், மேசையின் மேல் எங்கள் வாயில் நுழையாத பெயர் எழுதிய பிஸ்கட் டப்பா இருக்கும், எங்களை மிரட்டுகிற அப்பாவின் குரல் பாதியாக இறங்கியிருக்கும், சித்தப்பாவை மிரட்டுகிற பெரிய அத்தையின் குரல் இரண்டு பங்காக ஏறியிருக்கும்.

எங்கள் வீடு காரைக்காலில், கோட்டுச்சேரி போகும் சாலையை ஒட்டி இருந்தது. தாத்தா 'சொல்தா'. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். நான் பிறப்பதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். அவர் வழியாக வந்த பிரெஞ்சுக் குடியுரிமையை அப்பா வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு உள்ளூரில் அரசாங்க குமாஸ்தாவாக உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா அதைப் பிடித்துக்கொண்டு கப்பலேறிவிட்டார். மர்சேய் துறைமுகத்திலிருந்து கிளம்பும் ஒரு சரக்குக் கப்பலில், எஞ்சின் அறையில் அவருக்கு வேலை. விடுப்பில் வரும்போது அத்தைக்குப் போர்வை, அம்மாவுக்கு வாசனைத் தைலம், சித்திக்கு எங்கள் கண்ணில் காட்டாத ஏதோ ஒன்று, தனக்கென்று இசைத்தட்டுகள், இவ்வளவுதான் கொண்டுவருவார். எல்லாம் ஜாஸ்.

ஜாஸ் என்றால் என்னவென்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. சித்தப்பாவுக்கும் அதன் வரலாறெல்லாம் பெரிதாகத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். மர்சேயில் கப்பல் நிற்கும் நாட்களில் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கடைக்குப் போவாராம். அங்கே கறுத்த, வயதான மனிதர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு டிரம்பெட் ஊதுவாராம். "கோயில்லகூட ஒருத்தரும் அப்படி நின்னு நான் பாத்தது இல்லக்கா. அவரு வாசிக்கல, வேண்டிக்கிறாரு" என்று அத்தையிடம் சொல்வார். சொல்லும்போதே தன் கண்களையும் மூடிக்கொள்வார். அத்தை சுளகில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "என்னத்த வேண்டிக்கிறாராம்?" என்று கேட்பாள். சித்தப்பா சிரித்து மழுப்பிவிடுவார்.

பெரிய அத்தையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள், இளம் வயதிலேயே கணவரை இழந்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். அவளைக் கேட்காமல் எங்கள் வீட்டில் உலை வைக்க மாட்டார்கள். வீட்டுக்கு வெளியே அவளுக்கு வேறொரு பெயர் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவு வீடாக இருந்தாலும் "அவுங்க வந்துட்டாங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அத்தை போய் உட்கார்ந்து முதல் அடியை எடுத்துக் கொடுத்தால்தான் மற்றப் பெண்களுக்குத் தொண்டை திறக்கும். இறந்தவர் யாராக இருந்தாலும், அழுகிறவளுக்கு என்ன முறையோ அந்த முறையைச் சொல்லி, 'என்னப் பெத்த அப்பா' என்றோ 'என் கூடப் பொறந்த பொறப்பே' என்றோ அழைத்து, அவர் நட்ட மரம், வெட்டிய கிணறு, சண்டை போட்ட நாள் வரைக்கும் அந்த இடத்திலேயே கோத்துப் பாடுவாள். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, "பசிக்குது, என்ன இருக்கு?" என்று கேட்பாள்.

அப்படிப்பட்டவள் முன்னால்தான் சித்தப்பா ஒருநாள் ஒரு தட்டைப் போட்டார். டிரம்பெட் மட்டும் தனியாகத் தொடங்கும். பின்னால் எங்கோ தூரத்தில் பியானோ ஒன்று அடியெடுத்து அடியெடுத்து வரும். குரல் கிடையாது, வார்த்தை கிடையாது. மாலை மங்குகிற நேரம், அம்மா விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள். அத்தை கொல்லையிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"யாருடா செத்துட்டா?"

"யாரும் சாவலக்கா. பாட்டு."

"பாட்டா? எனக்கே சொல்லுறியா? அந்த ஆளு நெஞ்சுல அடிச்சிக்கிட்டு அழுவுறான். வெளக்கு வைக்கிற நேரத்துல நல்லா இருக்குற வீட்டுல ஒப்பாரி வைக்கிறியே, புத்தி இருக்காடா ஒனக்கு?"

சித்தப்பாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. "கேட்டியா அண்ணே, கேட்டியா! அக்காவுக்குப் புரிஞ்சிடுச்சு" என்று அப்பாவிடம் ஓடினார். அப்புறம் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, இப்படி வாசிக்கிற கறுப்பு மனிதர்களின் முன்னோர்களை அமெரிக்காவுக்கு அடிமையாகக் கப்பலில் கொண்டுபோனதையும், வயலில் வேலை வாங்கியதையும், குனிந்து நிமிர்கிறபோது அவர்கள் பாடியதையும், ஒருவர் பாட மற்றவர்கள் எடுத்துக்கொள்வதையும், அதுவே பிறகு கோயிலுக்குள் போனதையும், அங்கிருந்து இந்தக் குழலுக்குள் வந்ததையும் தனக்குத் தெரிந்த அளவில் சொன்னார்.

"நடவுப்பாட்டுன்னு சொல்லு" என்றாள் அத்தை.

"எழுதி வெச்சத வாசிக்க மாட்டாங்கக்கா. நின்ன எடத்துல என்ன தோணுதோ அதுதான்."

"நாங்க மட்டும் எழுதி வெச்சிக்கிட்டா அழுவுறோம்?"

ஜாஸைப் பற்றி அதற்குப் பிறகு நான் எத்தனையோ படித்துவிட்டேன். அன்று கூடத்தில் அக்காவும் தம்பியும் பேசியதற்கு மேலாக எனக்குப் பெரிதாக எதுவும் கிடைத்துவிடவில்லை. ஆனால் புரிந்துகொள்வது வேறு, அனுமதிப்பது வேறு. மறுநாள் அத்தை எல்லாத் தட்டுகளையும் ஒவ்வொன்றாகப் போடச் சொல்லிக் கேட்டாள். கேட்டு முடித்ததும் தீர்ப்பு. துள்ளலாக இருந்தவற்றின் அட்டையில் மஞ்சள் பொட்டு; மெதுவாக இழுத்தவற்றின் அட்டையில் அடுப்புக் கரியால் ஒரு பொட்டு. மஞ்சள் பொட்டை எப்போது வேண்டுமானாலும் போடலாம். கரிப்பொட்டு வீட்டுக்குள் ஒலிக்கக் கூடாது. மேல்நாட்டில் அச்சான அழகான அட்டைகள் திருஷ்டிப் பொட்டு வைத்த குழந்தைகளைப் போல ஆகிவிட்டன.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. அத்தைக்கு மிகவும் பிடித்துப்போன மஞ்சள் பொட்டுத் தட்டு ஒன்று இருந்தது. கேட்டால் கால் தானாகத் தாளம் போடும். மாட்டுப் பொங்கலன்று எங்கள் இரண்டு மாடுகளுக்கும் கொம்பில் வண்ணம் பூசி, மாலை போட்டு, அந்தத் தட்டை வாசலில் அலறவிட்டுத்தான் ஊர்வலம் கிளப்பினோம். அத்தை கற்பூரத்தைச் சுற்றிக்கொண்டே தலையை ஆட்டினாள். அது முடிந்து சாப்பிடும்போது சித்தப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இது என்ன பாட்டு தெரியுமாக்கா? அவுங்க ஊர்ல ஆளப் பொதச்சிட்டுத் திரும்பி வர்றப்ப வாசிக்கிறது" என்றார். அத்தை எழுந்தாள். செம்பில் மஞ்சள் கரைத்து வந்து மாட்டுக்குத் தெளித்தாள், வாசலுக்குத் தெளித்தாள், தட்டுக்கும் தெளித்தாள். சித்தப்பா "ஐயோ ஐயோ" என்று கத்திக்கொண்டு வேட்டித் தலைப்பால் தட்டைத் துடைத்ததும், அப்பா புரையேறி இருமியதும் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஆனால் அன்று மாலை அத்தை மெதுவாகக் கேட்டாள்: "நம்ம ஊர்ல கொண்டுபோறப்ப பறையடிச்சு ஆடுறாங்க, சரி. திரும்பி வர்றப்ப எப்புடிடா ஆட முடியுது அவுங்களால? வீட்டுக்கு வந்தா அந்த ஆளு இருக்க மாட்டாரே."

"சாமிகிட்டப் போயிச் சேந்துட்டாரு, இனிமே யாருக்கும் அடிமை இல்லன்னு சந்தோசப்படுறாங்களாம்."

"பெரிய மனசுதான்" என்றாள் அத்தை. தட்டின் மஞ்சள் பொட்டை அவள் அழிக்கவில்லை.

கரிப்பொட்டுத் தட்டுகளை வீட்டுக்குள் போடக் கூடாது என்றால் வீட்டுக்கு வெளியே போடலாம்தானே? சித்தப்பா ஒரு நீளமான ஒயரை இழுத்துக்கொண்டு பாட்டுப் பெட்டியை மாட்டுக்கொட்டகைக்குக் கொண்டுபோனார். பிற்பகலில், எல்லோரும் கண்ணயர்கிற வேளையில், அங்கிருந்து டிரம்பெட் சன்னமாகக் கேட்கும். சித்தி 'மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வர்றேன்' என்று எழுந்து போவாள். சித்தி விழிதியூர்க்காரி, எதிரே நின்று பேசினால்கூடக் காது கொடுத்துத்தான் கேட்க வேண்டும், அவ்வளவு மெல்லிய குரல். கணவரின் அண்ணன், மூத்தார் முறை என்பதால் அப்பா முன்னால் நின்று ஒரு வார்த்தை பேசியவள் இல்லை. அவர்கள் இருவரும் வைக்கோல் கட்டின் மேல் தோளோடு தோள் உட்கார்ந்து அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் வேலி இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறேன். அந்த விடுப்பு முழுக்க எங்கள் மாடுகள் தண்ணீராகவே குடித்தன. அத்தைக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

அந்த விடுப்பு முடிந்து போனவர்தான்.

செய்தி கொண்டுவந்தவர் அதே கப்பலில் வேலை பார்த்த, எங்கள் ஊர் மரைக்காயர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர். நாங்கள் அவரை 'கப்பல் மாமா' என்போம். எப்போதும் சிரித்துக்கொண்டே வருகிறவர் அன்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். அப்பா உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"அட்லாண்டிக்ல பெரிய காத்து அடிச்சதுங்க. வேலை முடிஞ்சி மேல வந்தத நான் பாத்தேன். அப்பறம் ஆளக் காணல. கப்பலத் திருப்பித் தேடுனோம், கரையிலேருந்தும் வந்து தேடுனாங்க. எதுவும் கெடைக்கலங்க. அல்லாஹ் கையிலதான் இருக்கு. பள்ளிவாசல்ல துஆ கேக்கச் சொல்லியிருக்கேன்."

அவர் இறந்துவிட்டார் என்று சொல்லவில்லை. காணவில்லை என்றுதான் சொன்னார். அப்பா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே வந்து, கூடத்தில் நின்றிருந்த எங்கள் எல்லோரையும் பார்த்து, "காணலன்னா காணலன்னுதான் அர்த்தம். இந்த வீட்டுல யாரும் அழக் கூடாது. அழுதா அவன் இல்லன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும்" என்றார். அத்தையின் வாய் திறந்து அப்படியே மூடிக்கொண்டது. ஊருக்கெல்லாம் அழுதவள் தன் தம்பிக்கு அழ முடியாமல் உட்கார்ந்தாள்.

அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். மேரியில், அதாவது எங்கள் ஊர் நகராட்சியில், சாவைப் பதிவு செய்வதைப் பற்றி யாரோ பேச்செடுத்தபோது எழுந்து அடிக்கப் போய்விட்டார். ஆனால் அவருடைய நம்பிக்கையின் பாரம் முழுவதும் சித்தியின் தலையில் விழுந்தது. அவள் பொட்டு வைத்துக்கொண்டாள், பூ வைத்துக்கொண்டாள். வைக்காவிட்டால் அவரை இல்லையென்று ஆக்கியவள் ஆவாள்; வைத்தால் தெருவில் பெண்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். அழவும் முடியாது, காத்திருக்கிறேன் என்று சொல்லி நிமிர்ந்து நிற்கவும் முடியாது. சாப்பாடு இறங்கவில்லை. 'நெஞ்ச அடைக்குது' என்பாள். ஆஸ்பத்திரியில் இருதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். அம்மன் கோயிலில் விபூதி போட்டார்கள், கப்பல் மாமா வீட்டிலிருந்து ஓதிய தண்ணீர் வந்தது. வளையல் கையிலிருந்து தானாக நழுவி விழுகிற அளவுக்கு இளைத்துவிட்டாள். அம்மா ஊட்டப் போனால் வாயைத் திறப்பாள், விழுங்க மாட்டாள்.

ஒரு பிற்பகல். அப்பா அலுவலகத்தில் இருந்தார். பள்ளிக்கு விடுமுறை என்பதால் நான் வீட்டில் இருந்தேன். அத்தை சித்தியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, பரணிலிருந்து பாட்டுப் பெட்டியைத் தானே இறக்கினாள். தூசியைத் தன் முந்தானையால் துடைத்தாள். "பாப்பா, அந்தக் கரிப்பொட்டு வச்ச தட்ட எடு. மொத மொத போட்டானே, அது" என்றாள்.

அம்மா பதறிவிட்டாள். "என்ன அண்ணி செய்யுறீங்க? வீட்டுக்குள்ள போடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அவுங்க வந்தா என்ன ஆவும்?"

"இவ அழுவாட்டி நமக்கு மிஞ்ச மாட்டா" என்றாள் அத்தை. "முறை சொல்லி அழுதாத்தான் ஒப்பாரி. இதுல அம்மான்னு இருக்கா, அப்பான்னு இருக்கா, ராசான்னு இருக்கா? யாரையும் இல்லன்னு சொல்லல. அந்த மனுசன் யாருக்கோ அழுவுறான், நாம கூட உக்காந்திருக்கோம். அவ்வளவுதான்."

முள்ளை இறக்கியது நான்தான். டிரம்பெட் தொடங்கியது. அந்த வாசிப்பில் ஓர் இடம் உண்டு. மேலே ஏறிப் போய், அடுத்த படிக்குப் போகப் போகிறது என்று நாம் நினைக்கிறபோது, மூச்சு முட்டினாற்போல நின்றுவிடும். பியானோ மட்டும் கொஞ்ச தூரம் தனியாக நடக்கும். பிறகு டிரம்பெட் விட்ட இடத்துக்கு வராமல், அதற்கும் கீழே, பேசுகிற குரலில் வந்து சேர்ந்துகொள்ளும். அந்த இடைவெளியில் சித்தியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவ்வளவு சின்னக் குரலுக்குள் அப்படி ஒரு சத்தம் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. அத்தை அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். சாவு வீட்டில் மார்பில் அடித்துக்கொள்கிற கையால் சித்தியின் முதுகில் தாளம் போட்டாள். டிரம்பெட் மூச்சு வாங்குகிற இடங்களிலெல்லாம் அத்தை ஒரு முனகலைக் கொண்டுவந்து வைத்தாள். வார்த்தை கிடையாது. முறை கிடையாது. வெறும் 'ஆ', வெறும் 'ம்'. அந்த மனிதர் ஊத, இவள் எடுத்துக்கொள்ள, இவள் விட, அவர் எடுத்துக்கொள்ள, இருவரும் பல வருடம் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்தவர்கள் போலச் சேர்ந்து அழுதார்கள். அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். சித்தப்பா போனதற்கு நாங்கள் அழுத முதல் அழுகை அதுதான்.

அப்பா அன்று ஏன் சீக்கிரம் வந்தார் என்று தெரியவில்லை. வாசலில் சைக்கிளைப் போட்ட சத்தம் கேட்டது. உள்ளே வந்தவர் நேராகப் பெட்டியிடம் போய் முள்ளை எடுத்துவிட்டார். "என்ன எளவு வீடா இது? நான் என்ன சொன்னேன்?"

அத்தை எழுந்திருக்கவில்லை. சித்தியின் தலையில் கையை வைத்தபடி சொன்னாள்: "ஒன் தம்பி வாங்கியாந்த சங்கீதம்டா. நாங்க அழுவல, கேட்டுக்கிட்டு இருக்கோம். ஒனக்கு வேணும்னா நீயும் ஒக்காந்து கேளு."

அப்பா நின்றார். சித்தி, மூத்தார் வந்துவிட்டார் என்று முந்தானையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லாமல், மடியில் கிடந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்து, "இன்னும் ஒரு தடவ போடச் சொல்லுங்க" என்றாள். அவரிடம் அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தைகள் அவை. அப்பா சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். முள்ளைத் தட்டின் விளிம்புக்குக் கொண்டுபோய், இரண்டு தரம் தவறி, பிறகு மெல்ல இறக்கினார். பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். தட்டு முடிகிறவரை தலையை நிமிர்த்தவில்லை.

அன்று மாலை சித்தி ரசம் சோறு சாப்பிட்டாள். மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. நல்ல நாள் கிடையாது, வெள்ளிக்கிழமை கிடையாது, விளக்கு வைக்கும் நேரம் கிடையாது. மற்ற நாட்களில், பிற்பகலில், சித்தி "எனக்குப் பாட்டுக் கேக்கணும்" என்று சொன்னால், கூடத்தில் இருக்கிற எல்லோரும் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவோம். அத்தை மட்டும் இருப்பாள். விருந்தாளிகள் வந்திருக்கும்போது இந்தப் பேச்சு வந்தால், 'சங்கீதப் பிரியை போலிருக்கு' என்று அவர்கள் மெச்சிக்கொள்வார்கள். சித்தி பாலர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். பல வருடம் கழித்து, உறவினர்களின் நச்சரிப்பில் அப்பாவே மனம் தளர்ந்து, உடல் இல்லாதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து செய்கிற சடங்கைச் செய்துவிடலாமா என்று அம்மா மூலமாகக் கேட்டனுப்பினார். சித்தி, "அவுங்க வந்து, ஏன்டி செஞ்சேன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நான் படித்து, வேலைக்குப் போய், புதுச்சேரியில் குடியேறிய பிறகு ஒருமுறை ஜாஸ் கச்சேரிக்குப் போயிருந்தேன். ஒவ்வொருவர் தனியாக வாசித்து முடித்ததும் கூட்டம் கைதட்டியது. எனக்குக் கை வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் இருந்தவர் இந்த இசையின் ஆன்மிகத்தைப் பற்றி நிறையச் சொன்னார், நல்ல மனிதர். நான் கேட்டுக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஆன்மிகம் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. கேட்டது கிடைக்காது என்று தெரிந்தும் வேண்டிக்கொள்கிறவர்களுக்கு மூச்சு விட இடம் வேண்டும். அந்தத் தட்டில் ஊதிய டிரம்பெட்காரர் அத்தைக்கும் சித்திக்கும் அந்த இடத்தைக் கொடுத்தார். அவர் பெயரைக்கூட எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சொன்னதில்லை.

பெரிய அத்தை போனாள். அப்பாவும் அம்மாவும் போனார்கள். பாட்டுப் பெட்டியின் ரப்பர் பட்டை இற்றுப்போய், கடல் காற்றில் மோட்டாரும் துருப்பிடித்து, அதைச் சரிசெய்யும் ஆள் இல்லாமல் போயிற்று. நான் சித்தியின் கைபேசியில் அந்த வாசிப்பைத் தேடி ஏற்றிக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது, ஆனால் பொரிகிற சத்தம் இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டாள். சாவு வீடுகளும் மாறிவிட்டன. முதல் அடி எடுத்துக் கொடுக்கிற பெண் எங்கள் பக்கத்தில் இப்போது ஒருத்திகூட இல்லை. ஐஸ் பெட்டி வருகிறது, நாற்காலி வருகிறது, பந்தல்காரரே ஒலிபெருக்கியும் கொண்டுவருகிறார். வந்தவர்கள் கைகூப்பிவிட்டுப் போகிறார்கள்.

போன ஐப்பசியில் சித்தி இறந்துபோனாள். தூக்கத்திலேயே போய்விட்டாள். நான் காரைக்கால் போய்ச் சேர்ந்தபோது விழிதியூரிலிருந்து பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்துவிட்டிருந்தது. குளிப்பாட்டி, சேலை உடுத்திவிட்டு, பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு தட்டில் குங்குமமும் மல்லிகைப் பூவும் இருந்தன. தொடத் துணிந்தவர் யாருமில்லை. பூவும் பொட்டும் வைத்து அனுப்பினால் கணவர் இருக்கிறார் என்றாகும். வைக்காவிட்டால் இல்லை என்றாகும். சித்தப்பாவின் வயதைக் கணக்குப் போட்டால் யாருக்கும் சந்தேகம் இருக்காது. ஆனாலும் இத்தனை வருடம் அந்த வீட்டில் ஒருவரும் சொல்லாத ஒன்றை இப்போது யார் சொல்வது?

"நீதானம்மா இப்ப வீட்டுக்குப் பெரியவ" என்றாள் விழிதியூர்க்காரி ஒருத்தி, சித்தியின் தங்கை. "என்ன செய்யலாம், நீயே சொல்லு."

"வைங்க சின்னம்மா" என்றேன். "அவுங்களே வச்சிக்கிட்டதுதானே. நாம எடுக்க வேணாம்."

தங்கை அழுத்தமாகக் குங்குமம் வைத்தாள். நான் பூவை வைத்தேன். கூந்தல் அவ்வளவு நரைத்திருந்தும் பூ தங்கியது. பந்தல்காரப் பையன் எட்டிப் பார்த்து, "அக்கா, ஒப்பாரிப் பாட்டு போடவாங்க? போன்லயே இருக்கு" என்று மரியாதையாகத்தான் கேட்டான். வேண்டாம் என்றேன். அவன் போன பிறகு, யாராவது தொடங்குவார்கள் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

எனக்கு ஒப்பாரி தெரியாது. யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை. சித்தியின் காலடியில் உட்கார்ந்தேன். 'சித்தி' என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு மேல் வார்த்தை வரவில்லை, குரல் மட்டும் இழுத்துக்கொண்டு போயிற்று. மூச்சு முட்டி நின்றேன். அடுத்த மூச்சில் 'சித்தப்பா' என்று வந்தது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. யாராவது என் வாயைப் பொத்துவார்கள் என்று நினைத்தேன். சின்னம்மா என் தோளை அணைத்துக்கொண்டு, 'எங்க அக்காவக் கட்டுன அத்தானே' என்று எடுத்தாள். பின்னாலிருந்து இன்னொருத்தி, 'கடலோட போன அண்ணே' என்றாள். நெற்றி நிறையப் பொட்டோடு சித்தி படுத்திருந்தாள். அவள் முன்னால் உட்கார்ந்து, அவள் முறை சொல்லி அழாமல் விட்ட மனிதருக்கு நாங்கள் முறை சொல்லி அழுதோம்.